எலிக்கு விதை பொறுக்கியவர்கள்

(கல்லூரி விலங்கியல் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "ஏன் சார், யானை இருக்கு, புலி இருக்கு. அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எலிதான் கிடைச்சுதா?" நியாயமான கேள்வி. யானையின் பரிணாமத்தைப் பேச வேண்டுமானால் பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய எலும்புகளைத் தேடிப் போக வேண்டும். எலியின் பரிணாமத்தில் ஓர் அத்தியாயத்தைப் பார்க்க ஒரு விவசாயியின் ஆயுள் போதும். அது நடந்தது நம் கண்முன்னால். நடத்தி வைத்தவர்களும் நாம்தான். அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

என் பாட்டி வீடு காவிரிப் பாசனப் பகுதியில் இருந்தது. கூடத்தை ஒட்டிய இருட்டறையில் ஒரு பத்தாயம். அறுவடை முடிந்து நெல் ஏறியதும் எலியும் வந்துவிடும். கடையிலிருந்து எலி மருந்து வாங்கி வரும் நாளில் பாட்டி யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கண்ணால் ஜாடை காட்டுவார். பிள்ளைகள் நாங்கள் "பாட்டி, எலி மருந்தா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "சத்தம் போடாதடா, அதுக்குக் காது கேக்கும்" என்று அதட்டுவார். மருந்து வைத்த வடை மறுநாள் காலையில் வைத்த இடத்திலேயே இருந்தால், குற்றவாளி நாங்கள்தான்.

நான்கைந்து ஆண்டுகள் கழித்து, அதே வீட்டில் இன்னொரு பேச்சைக் கேட்டேன். மருந்தைத் தின்றும் எலி சாகவில்லை என்று மாமா சொன்னபோது பாட்டி சொன்னார்: "அதுக்கு மருந்து பழகிப்போச்சுடா."

எலிக்குக் காது கேட்கும். எலிக்கு மருந்து பழகும். இந்த இரண்டு நம்பிக்கைகளும் இன்றைக்கும் ஊரில் உண்டு. முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது தவறு. ஆனால் அந்தத் தவறு எங்கே என்று தேடிப் போனால் உயிரியலின் நடுக்கூடத்துக்கே வந்துவிடுவோம்.

1. சந்தேகப் பிராணி

எலியால் வாந்தி எடுக்க முடியாது. நாயோ பூனையோ கண்டதைத் தின்றுவிட்டாலும் கக்கிவிடும். எலிக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆகவே வாய்க்குள் போவதற்கு முன்பே எச்சரிக்கையாக இருந்தாக வேண்டும். புதிய பொருள் எதைக் கண்டாலும் ஒதுங்கும். ஒருநாள், இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வரும். பிறகு ஒரு துணுக்கைக் கடித்துப் பார்க்கும். வயிற்றில் ஏதாவது செய்தால் அந்த ருசியை மறக்காது.

நம் ஊர்க் கடைகளில் பல காலமாக விற்கும் துத்தநாகப் பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வேகம்தான் அதன் பலம், வேகம்தான் பலவீனமும். கொஞ்சமாகக் கடித்துப் பிழைத்த எலிக்கு, தின்றதற்கும் துன்பத்துக்கும் உள்ள தொடர்பு உடனே புரிந்துவிடுகிறது. மறுபடி அந்த உணவைத் தொடாது. பாட்டி சொன்ன 'காது' இதுதான். எலி ஒட்டுக்கேட்கவில்லை, கணக்குப் போட்டது. அதனால்தான் இன்றும் துத்தநாகப் பாஸ்பைடு வைப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத வெறும் பொரியையும் அரிசியையும் வைத்துப் பழக்கச் சொல்கிறார்கள்.

ஆகவே எலியை ஏமாற்ற வேண்டுமானால் மெதுவாகக் கொல்லும் மருந்து வேண்டும். இன்று தின்றால் நான்கைந்து நாள் கழித்து விளைவு தெரிய வேண்டும். அப்படி ஒரு மருந்து கிடைத்தது. அதைத் தேடிப் போனவர் யாருமில்லை. பனிப்புயலில் ஒரு விவசாயி அதை வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்தார்.

2. பால் கேனில் உறையாத ரத்தம்

1920-களில் அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா மாநிலத்திலும் கனடாவிலும் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. கொம்பு தீய்த்தால், காயடித்தால், சிறு கீறல் பட்டால்கூட ரத்தம் நிற்காது. ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர் கனடாவில் இதை ஆராய்ந்து, பூஞ்சணம் பிடித்த இனிப்புத் தீவனப்புல்தான் காரணம் என்று கண்டறிந்தார். அது மெலிலோட்டஸ் என்ற பயறுவகைச் செடி. வெட்டிக் காயவைத்தால் வாசம் அருமையாக இருக்கும். அந்த வாசத்துக்குக் காரணம் கூமரின். ஈரம் காயாமல் அடுக்கினால் பூஞ்சணம் வந்து, அந்தக் கூமரினை வேறொன்றாக மாற்றிவிடுகிறது. அந்த வேறொன்று எது என்று யாருக்கும் தெரியவில்லை.

1933 பிப்ரவரி. விஸ்கான்சின் மாநிலத்தின் டீர் பார்க் என்ற ஊரைச் சேர்ந்த எட் கார்ல்சன் என்ற விவசாயி, கடும் பனிப்புயலில் ஏறத்தாழ 190 மைல் வண்டி ஓட்டி மேடிசன் நகருக்கு வந்தார். அன்று சனிக்கிழமை. கால்நடைத் துறை அலுவலகம் பூட்டிக் கிடந்தது. திறந்திருந்த ஒரு கதவைத் தட்டினார். அது பல்கலைக்கழக உயிர்வேதியியல் பேராசிரியர் கார்ல் பால் லிங்கின் ஆய்வகம். கார்ல்சன் கொண்டுவந்திருந்தவை மூன்று: செத்துப்போன ஒரு கிடாரி, ஏறக்குறைய 100 பவுண்டு கெட்டுப்போன தீவனம், ஒரு பால் கேன் நிறைய ரத்தம். அந்த ரத்தம் உறையவே இல்லை. கேனை ஆட்டினால் தண்ணீர்போல ஆடியது.

அன்று மாலை லிங்கால் அவருக்குச் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: அந்தத் தீவனத்தைப் போடாதீர்கள். வந்தவர் அதே பனியில் திரும்பிப் போனார். ரத்தக் கேன் ஆய்வகத்திலேயே தங்கிவிட்டது. அதற்கு விடை காண ஆறாண்டு ஆயிற்று. 1939 ஜூனில் லிங்கின் மாணவர் ஹெரால்டு காம்பெல் அந்த நச்சைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். டைகூமரால் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதன் உறவுமுறைச் சேர்மங்களை வரிசையாகச் செய்து பார்த்தார்கள். 1945-இல் காசநோய்க்காக ஓய்விலிருந்த லிங்க் எலிகளைப் பற்றிய நூல்களைப் படித்தார். இவற்றில் ஒன்றை எலி மருந்தாக்கினால் என்ன என்று அங்கேதான் தோன்றியது. பட்டியலில் 42-ஆம் எண் சேர்மம் பொருந்திவந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆய்வு நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துகளோடு கூமரினின் வாலைச் சேர்த்து 'வார்ஃபரின்' என்று பெயரிட்டார்கள். 1948-இல் அது சந்தைக்கு வந்தது.

வாசனை இல்லை, ருசி இல்லை. தின்ற எலிக்கு அன்று ஒன்றும் ஆவதில்லை. மறுநாளும் வந்து தின்னும். சந்தேகப் பிராணிக்குச் சந்தேகப்பட ஒன்றுமே இல்லாமல் செய்தாயிற்று. வளர்ப்பு நாய் தவறித் தின்றுவிட்டால் முறிவு மருந்தாக வைட்டமின் கே இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்? எலிப் பிரச்சினை தீர்ந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

3. கல்யாண வீட்டு டம்ளர்

இந்த மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் எலி அதிலிருந்து தப்பிய விதம் புரியும். ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

பந்தியில் ஆயிரம் பேர். டம்ளர்களோ நூறுதான். ஆனாலும் பந்தி நடக்கிறது; ஏனென்றால் பின்கட்டில் ஒருவர் உட்கார்ந்து, வருகிற டம்ளர்களையெல்லாம் கழுவிக் கழுவி உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறார். ரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்கள் ஈரலில் உருவாகின்றன. அவற்றுள் நான்கு, அதாவது 2, 7, 9, 10 என்று எண்ணிடப்பட்ட உறைகாரணிகள், முழுமை பெற வைட்டமின் கே வேண்டும். அந்த வைட்டமின்தான் டம்ளர். ஒருமுறை பயன்பட்டதும் அது எச்சில் டம்ளராகிவிடுகிறது. அதைக் கழுவி மறுபடி பயனுக்குக் கொண்டுவரும் நொதி ஒன்று இருக்கிறது. பின்கட்டு ஆள் அந்த நொதிதான்.

வார்ஃபரின் பந்தியையும் தொடாது, டம்ளரையும் தொடாது. பின்கட்டு ஆளின் கையைக் கட்டிவிடும். கழுவாத டம்ளர்கள் குவியும். ஏற்கெனவே பரிமாறியது இருக்கும்வரை பந்தியில் ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் முன்பே சுற்றிக்கொண்டிருக்கும் உறைகாரணிகள் சில நாளைக்குத் தாங்கும். அவையும் தீர்ந்த பிறகு, எங்கோ ஒரு சிறு நாளத்தில் ஏற்படும் கசிவு நிற்காமல் போகும். அந்த நான்கைந்து நாள் தாமதத்தின் ரகசியம் இதுதான்.

தப்புவதற்கு என்ன வேண்டும்? அந்தக் கயிற்றில் சிக்காத கை வேண்டும். அவ்வளவுதான்.

4. ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணை

மருந்து சந்தைக்கு வந்து பத்தே ஆண்டு. 1958-இல் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவுக்கும் எடின்பரோவுக்கும் நடுவில் ஒரு பண்ணையில், மருந்தை வயிறாரத் தின்றும் எலிகள் நடமாடின. முதலில் யாரும் நம்பவில்லை. மருந்து பழசாக இருக்கும், அளவு தப்பியிருக்கும், வேறு தீனி கிடைத்திருக்கும் என்றெல்லாம் காரணம் தேடினார்கள். எலிகளைப் பிடித்துக் கூண்டில் வைத்து அளந்து கொடுத்துப் பார்த்தபோதுதான், அவை மருந்துக்கே அடங்காத எலிகள் என்ற உண்மை தெரிந்தது.

அடுத்து, வேல்ஸ் எல்லையில் வெல்ஷ்பூல் என்ற ஊரைச் சுற்றி இதே செய்தி. அங்கிருந்து எதிர்ப்பு எலிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 மைல் என்ற கணக்கில் நாலாபுறமும் பரவின. சுற்றி வளைத்து ஒரு வளையத்துக்குள் அவற்றைக் கட்டிப்போட அரசு முயன்றது; வளையம் நிற்கவில்லை. 1962-இல் டென்மார்க். 1971-இல் அமெரிக்காவின் வடக்கு கரோலினா. இடையில் பிரிட்டனின் சுண்டெலிகளும் சேர்ந்துகொண்டன.

ஒன்றைக் கவனியுங்கள். ஸ்காட்லாந்து எலி நடந்து வேல்ஸுக்கு வரவில்லை. டென்மார்க் எலி கப்பலேறி அமெரிக்கா போய்ச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கெல்லாம் ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் வைத்தார்களோ, அங்கெல்லாம் தனித்தனியாக இது முளைத்தது. அப்படியானால் விதை ஏற்கெனவே மண்ணில் இருந்திருக்க வேண்டும்.

5. பழக்கமா, பிறப்பா?

சந்திரகுப்த மௌரியனுக்குச் சாணக்கியர் தினமும் துளித் துளியாக விஷம் கொடுத்துப் பழக்கினார் என்ற கதையை நாம் கேட்டிருக்கிறோம். விஷகன்னிக் கதைகளும் நம்மிடம் ஏராளம். பாட்டி 'பழகிப்போச்சு' என்று சொன்னது இந்த மரபிலிருந்துதான். தனி ஓர் உயிர், தன் வாழ்நாளில், கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தேறிவிட்டது என்பது அந்தப் பேச்சின் பொருள்.

எலியில் நடந்தது அது அல்ல. 1967-இல் கிரீவ்ஸ், ஏயர்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வேல்ஸ் எலிகளைச் சாதாரண எலிகளோடு கலந்து குட்டி போடவைத்துப் பார்த்தார்கள். மருந்தை வாழ்நாளில் கண்டிராத குட்டிகளிடமும் எதிர்ப்பு இருந்தது. அதுவும் மெண்டல் பட்டாணியில் கண்ட கணக்குப்படி, ஒரே ஒரு மரபணுவின் ஓங்கு பண்பாக இறங்கியது. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும், எலி தப்பித்துவிடும். ஆகவே இது பழக்கம் அல்ல, பிறப்பு.

இங்கே மாணவர்கள் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்கள்: மருந்துதானே சார் அந்த மரபணுவை மாற்றியது? இல்லை. 1943-இல் லூரியாவும் டெல்ப்ரூக்கும் பாக்டீரியாவை வைத்துச் செய்த புகழ்பெற்ற சோதனை இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. மாற்றம் முன்னாலேயே, குருட்டாம்போக்கில், எங்கோ ஒன்றிரண்டு உயிர்களில் நிகழ்ந்திருக்கிறது. ஆபத்து வரும்போது அவை மிஞ்சுகின்றன. மருந்து மாற்றத்தை உண்டாக்குவதில்லை, மாறியதைத் தேர்ந்தெடுக்கிறது.

என் பாட்டி அறுப்புக்கு நாலு நாள் முன்னால் வயலில் இறங்குவார். நோயில்லாத, மணி முற்றிய, சாயாத கதிராகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளுவார். தனியாகக் காயவைத்துக் கோட்டை கட்டி வைப்பார். அடுத்த பட்டத்துக்கு அதுதான் விதைநெல். பத்து வருஷம் இப்படிச் செய்தால் அந்த வயலின் நெல் அவர் விரும்பிய நெல்லாக மாறியிருக்கும். நெல்லுக்கு யாரும் எதையும் பழக்கவில்லை, பாட்டி பொறுக்கினார்.

இருட்டறையில் மருந்து வைத்தபோது அதே வேலைதான் நடந்தது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: ஓர் ஊரில் ஆயிரம் எலிகள், அவற்றுள் இரண்டுக்கு மட்டும் கயிற்றில் சிக்காத கை. மருந்து வைத்தோம். 998 செத்தன. ஊரே மகிழ்ந்தது. மிஞ்சிய இரண்டுக்கும் இப்போது பத்தாயம் முழுக்கச் சொந்தம், போட்டிக்கு ஆளில்லை. எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம். ஒரு ஈற்றுக்கு ஏழெட்டுக் குட்டி. அந்தக் குட்டி இரண்டு மூன்று மாதத்தில் தாயாகிவிடும். அடுத்த ஆண்டு அதே ஆயிரம் எலிகள் இருக்கும். ஆனால் அவை வேறு எலிகள். எலிக்கு விதைக்கதிர் பொறுக்கிக் கொடுத்தவர்கள் நாம்.

6. நடு எழுத்து

அந்தப் பின்கட்டு நொதிக்கான மரபணுவைக் கண்டுபிடிக்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ஒரு குழு, அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் ஒரு குழு, இரண்டும் ஒரே நேரத்தில் அதைக் கண்டுபிடித்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டன. வி.கே.ஓ.ஆர்.சி.1 என்று பெயர். அது உருவாக்கும் புரதம் சிறியது, 163 அமினோ அமிலங்களின் சங்கிலி.

சங்கிலியின் 139-ஆவது கண்ணியைப் பாருங்கள். சாதாரண எலியில் அங்கே டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கும். வேல்ஸ் எலியில் அந்த இடத்தில் செரின். டென்மார்க், ஜெர்மனி எலிகளில் சிஸ்டீன். பிரான்ஸ், பெல்ஜியம் எலிகளில் பினைல் அலனின். ஸ்காட்லாந்து எலியில் மாறியிருப்பது 128-ஆவது கண்ணி.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் ஒரு வியப்பு. டி.என்.ஏ.வில் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் மூன்றெழுத்துச் சொல் ஒன்று உண்டு. டைரோசினின் சொல் டி-ஏ-டி. அதன் நடு எழுத்தை மட்டும் சி ஆக்கினால் செரின். ஜி ஆக்கினால் சிஸ்டீன். டி ஆக்கினால் பினைல் அலனின். ஸ்காட்லாந்தை விட்டுவிட்டால், நாட்டுக்கு நாடு வேறாகத் தெரிந்த இந்த மூன்று எதிர்ப்புகளும் ஒரே சொல்லின் ஒரே நடு எழுத்தில் நடந்த பிழைகள். கயிறு கட்டும் இடம் அது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இப்போது எதிர்ப்பைச் சோதிக்க எலியைக் கூண்டிலடைத்து நாள்கணக்கில் மருந்து ஊட்ட வேண்டியதில்லை. வால்நுனியில் ஒரு துண்டு, அல்லது புதிய புழுக்கை ஒன்று போதும். அந்த எழுத்தைப் படித்துவிடலாம்.

இதே மரபணு மனிதரிடமும் இருக்கிறது. 1954 முதல் வார்ஃபரின் மனிதர்களுக்கும் மருந்து. அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு 1955-இல் மாரடைப்பு வந்தபோது கொடுத்தார்கள். நம் ஊரில் முடக்குக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, உலோக வால்வு பொருத்தியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் தினமும் விழுங்கும் அசிட்ரோம் வார்ஃபரினின் பங்காளிதான். என் அக்காவும் அவர்களில் ஒருவர். மாதாமாதம் ரத்தம் எடுத்து, அது எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பார்ப்பார்கள். "கீரையை நிறுத்தாதீங்கம்மா, ஆனா ஒருநாள் கட்டு கட்டாச் சாப்பிட்டுட்டு ஒருநாள் விட்டுடாதீங்க. ஒரே அளவா வச்சுக்குங்க" என்று செவிலியர் சொல்லி அனுப்புவார். முருங்கைக்கீரையில் வைட்டமின் கே ஏராளம். டம்ளர் கூடினால் மருந்தின் பிடி தளரும். ஒருவருக்குப் போதுமான அளவு இன்னொருவருக்குப் போதாமல் இருப்பதற்கும் இந்த மரபணுவில் உள்ள வேறுபாடு ஒரு காரணம். மிக அபூர்வமாக, எவ்வளவு கொடுத்தாலும் கேட்காத மனிதர்களும் உண்டு. எலி எழுத்து நம்மிடமும் இருக்கிறது. நம்மை யாரும் மருந்து என்ற சல்லடையில் போட்டுச் சலிக்கவில்லை, அவ்வளவுதான்.

7. கொடுத்த விலை

கயிற்றில் சிக்காத கை கிடைத்தது. ஆனால் அந்தக் கை வேகமாகக் கழுவாது. வேல்ஸ் எலியின் மாறிய நொதி மந்தமானது. இரண்டு பிரதியும் மாறிய எலிக்கு, சாதாரண எலியைவிட ஏறத்தாழ 20 மடங்கு வைட்டமின் கே வேண்டும். கழுவுகிறவர் மெதுவாக வேலை செய்தால் டம்ளர் அதிகம் வேண்டுமல்லவா? தீனியில் அது குறைந்தால், மருந்தே இல்லாவிட்டாலும் ரத்தம் கசிந்து சாகும்.

வேல்ஸ் பண்ணைகளில் இதைக் கணக்கிட்டார்கள். ஒரு பிரதி மட்டும் மாறிய எலியின் பிழைப்புத்திறனை 100 என்று வைத்தால், மருந்து வைக்கும் இடத்தில் மாறாத எலிக்கு 68. இரண்டும் மாறிய எலிக்கு 37 மட்டுமே. நடுவில் இருப்பதற்குத்தான் யோகம். ஆனால் நடுவில் இருக்கும் இரண்டு எலிகள் கூடினால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று மருந்துக்குப் பலியாகும் வகை, ஒன்று வைட்டமினுக்கு ஏங்கும் வகை, இரண்டு மட்டுமே பெற்றோரைப் போல. ஆகவே எதிர்ப்பு மரபணு ஊரை முழுவதும் பிடிக்கவும் முடியாது, ஒழியவும் முடியாது. கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு அளவில் வந்து நின்றுவிடும்.

இது நமக்குப் புதிய கணக்கு அல்ல. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் மரபைக் கண்டறிந்தார்கள். ஒரு பிரதி இருந்தால் மலேரியாவிலிருந்து காப்பு. இரண்டு இருந்தால் கடும் ரத்தசோகை. அங்கே கொசு செய்ததை இங்கே எலி மருந்து செய்தது. மலேரியாவுக்கும் ரத்த நோய்களுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கலாம் என்று 1949-இலேயே சொன்னவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957-இல் இந்தியாவுக்கு வந்து இங்கேயே வாழ்ந்து, 1964-இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர். வேல்ஸ் எலிகளின் கணக்கு அவருக்குப் பிறகுதான் வெளிவந்தது. பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

விலை இருக்கிறது என்பதில் நமக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. மருந்தை நிறுத்தினால், மந்தமான கை கொண்ட எலி போட்டியில் பின்தங்கும். எதிர்ப்பு மெல்லக் குறையும். ஒரு கெட்ட செய்தியும் உண்டு. கோழி, பன்றித் தீவனத்தில் வைட்டமின் கே சேர்க்கிறார்கள். பண்ணை எலி அதையும் தின்கிறது. ஒரு கையால் சலிக்கிறோம், மறு கையால் சத்து ஊட்டுகிறோம்.

8. சம்பந்தம் செய்துகொண்ட சுண்டெலி

எல்லா எலியும் பிழைக்காகக் காத்திருக்கவில்லை. 2011-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கோனும் அவர் குழுவினரும் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார்கள். ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் சில வீட்டுச் சுண்டெலிகளின் வி.கே.ஓ.ஆர்.சி.1 மரபணு அவற்றின் சொந்தச் சரக்கே அல்ல. ஸ்பெயினிலும் வடக்கு ஆப்பிரிக்காவிலும் வயல்களில் வாழும் அல்ஜீரியச் சுண்டெலி என்ற வேறோர் இனத்திலிருந்து வந்தது. இரண்டும் பிரிந்து பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. கலந்தால் பிறக்கும் ஆண் குட்டிகள் மலடு. பெண் குட்டிகளில் சில மட்டும் ஈனும். இயற்கை ஏறத்தாழச் சாத்திவிட்ட கதவு அது.

வயல் சுண்டெலியின் உணவு பெரும்பாலும் விதை. விதையில் வைட்டமின் கே குறைவு. அதற்கேற்ப மாறிய நொதி, தற்செயலாக மருந்துக்கும் சிக்காததாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். மருந்து இல்லாத காலத்தில் இந்தக் கலப்பால் வீட்டுச் சுண்டெலிக்கு லாபமில்லை. நாம் மருந்து வைத்த பிறகு, சாத்திய கதவின் இடுக்கு வழியாக நுழைந்த அந்த ஒரு துண்டு மரபணு பொன்னாகிவிட்டது. நம் மொழியில் சொன்னால், வீட்டுச் சுண்டெலி எதிர்ப்பைச் சம்பாதிக்கவில்லை. சம்பந்தம் செய்துகொண்டு சீதனமாக வாங்கிக்கொண்டது.

9. கூகையின் ஈரல்

மருந்து தோற்றால் நமக்குத் தெரிந்த பதில் இன்னும் கடுமையான மருந்து. 1970-களில் டைபெனகூம், புரோமடியலோன், புரோடிஃபாகூம் என்று இரண்டாம் தலைமுறை வந்தது. வார்ஃபரினைப் போல நாள்கணக்கில் தின்ன வேண்டியதில்லை. புரோடிஃபாகூமை ஒரே ஒரு வேளை தின்றால் போதும். கயிறு இன்னும் இறுக்கமானது. ஆனால் டைபெனகூமுக்கு அடங்காத எலிகளும் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் விரைவிலேயே தென்பட்டன. அவற்றில் மாறியிருந்தது 120-ஆவது கண்ணி.

இந்த மருந்துகள் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். எலியைத் தின்னும் கூகைக்கும் பருந்துக்கும் அவை போய்ச் சேரும். பிரிட்டனில் சோதித்த கூகைகளில் பெரும்பாலானவற்றின் ஈரலில் இவற்றின் எச்சம் இருந்தது. எதிர்ப்பு எலி இதை இன்னும் மோசமாக்குகிறது: சாதாரண எலி கொஞ்சம் தின்று செத்துவிடும்; எதிர்ப்பு எலியோ தின்றுகொண்டே நடமாடும், விஷத்தைச் சுமந்தபடி. அதைப் பிடிக்கும் கூகைக்குக் கிடைப்பது நஞ்சு மூட்டை. எலியை இலவசமாகப் பிடிக்கும் ஆளை நாம் வேலையை விட்டு அனுப்புகிறோம்.

நிறைவாக

நம் வயல்களில் எதிரி பெரும்பாலும் வேறு: வரப்பைக் குடைந்து கதிரைச் சேமிக்கும் வரப்பெலி, வெள்ளெலி, வீட்டில் வீட்டெலி. இங்கும் துத்தநாகப் பாஸ்பைடுக்குப் பிறகு மிஞ்சும் எலிகளுக்கு 0.005 விழுக்காடு புரோமடியலோன் வைக்கச் சொல்கிறார்கள். ஐரோப்பாவின் தவறைச் செய்யாமலிருக்க நமக்கு இன்னும் இடம் இருக்கிறது. எதிர்ப்பு மேலாண்மை என்று இன்று பாடநூலில் எழுதப்படுவதன் சாரம் ஒரு வரிதான்: மருந்துக்குத் தப்பியதை அதே மருந்திடம் மறுபடி ஒப்படைக்காதே.

தப்பியதைப் பிடிக்க வேறொரு கை வேண்டும். தஞ்சைப் பகுதியில் மூங்கிலை வளைத்துச் செய்யும் வில் பொறியை, அந்தக் கிட்டியை, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கு 139-ஆவது எழுத்தைப் பற்றிக் கவலையில்லை. வளையைத் தோண்டி எலியையும் அது சேர்த்த நெல்லையும் எடுக்கும் இருளருக்கும் கவலையில்லை. நாற்று நட்டதும் வயலில் மட்டையை ஊன்றி வைத்தால் இரவில் வந்து உட்காரும் கூகைக்கும் இல்லை. வரப்பை அகலமாகப் போடாமல் குறுக்கிவிட்டால் வளை தோண்ட இடமே இராது. கிட்டியும் ஒரு சல்லடைதான், ஒப்புக்கொள்கிறேன். கிட்டிக்கு அஞ்சும் எலியை அது விட்டுவைக்கும். ஆனால் கிட்டியின் கண்ணில் தப்பியது மருந்தின் கண்ணில் மாட்டும். இரண்டிலும் தப்பியதைக் கூகை பார்த்துக்கொள்ளும். ஒரே சல்லடையை எழுபது ஆண்டு ஆட்டியதுதான் நாம் செய்த பிழை.

பாட்டி இப்போது இல்லை. இருந்திருந்தால் ஒன்றை மட்டும் திருத்திச் சொல்லியிருப்பேன்: "அதுக்கு மருந்து பழகலை பாட்டி. நீ வயல்ல கதிர் பொறுக்கினியே, அதே மாதிரி இருட்டறையில எலியையும் பொறுக்கிட்டோம்." பாட்டிக்கு மரபணு தெரியாது, விதை தெரியும். உடனே புரிந்துகொண்டிருப்பார். புரிந்துகொண்டு, கிட்டி கட்டுகிறவருக்கு ஆள் அனுப்பியிருப்பார். சத்தம் போடாமல், கண்ஜாடையில்.